மென்பொருள் பயிற்சிப் பாடங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவது எப்படி?

மென்பொருள் ஒன்றைக் கற்பிக்க எழுதப்படும் பாடத்துக்கு ஆயுள் குறைவு. கணிதப் பாடம் ஒன்று எழுதிய நாளில் இருந்தபடியே பல ஆண்டுகளுக்குப் பயன்படும். ஆனால், படத்தொகுப்பு மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஒரு மெனு இடம் மாறினாலோ, நிரல்மொழியின் ஒரு கட்டளைக்குப் பெயர் மாறினாலோ, பாடத்தைப் பார்த்துக்கொண்டே கணினியில் செய்துவரும் மாணவர் மூன்றாம் படியிலேயே திகைத்து நின்றுவிடுவார். தவறு தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொள்வதுதான் இதில் மிகவும் வருத்தமானது.

அப்போது யாரேனும் ஒருவர் முன்வந்து அந்தப் படியைத் திருத்த வேண்டும். எழுதியவரே திருத்தினால் நல்லதுதான். ஆனால் அவருக்கு நேரம் இல்லாமல் போகலாம், ஆர்வம் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். வேறொருவர் திருத்த விரும்பினாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எந்தப் பதிவும் அறிவிப்பும் இல்லாமலே, படைப்பு உருவாகும்போதே பதிப்புரிமையும் உண்டாகிவிடுகிறது. ஆகவே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடத்தைப் படிக்கலாமே தவிர, எழுதியவரின் அனுமதியின்றி அதைத் திருத்தியோ மொழிபெயர்த்தோ மறுபடி வெளியிட முடியாது. திறந்த உரிமம் என்பது, முகம் தெரியாத அந்த அடுத்த ஆசிரியருக்கு இந்த அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. உரிமத் தேர்வு முதல் கோப்புகளின் வடிவம் வரை, இனி வரும் ஒவ்வொரு முடிவையும் அவரை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உரிமத்தை வழங்கிவிட்டு, திருத்த முடியாத கோப்பை அவர் கையில் கொடுத்தால் அந்த அனுமதியால் அவருக்குப் பயனில்லை.

உரிமை யாருடையது?

ஒன்றை உரிமம் போட்டு வழங்க வேண்டுமானால், முதலில் அது உங்களுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் ஒரு நிறுவனத்திலோ கல்லூரியிலோ பணியாற்றிக்கொண்டு, பணியின் ஒரு பகுதியாகப் பாடத்தைத் தயாரித்திருந்தால், பல நாடுகளின் சட்டப்படி அதன் பதிப்புரிமை உங்களை வேலைக்கு அமர்த்தியவருக்கே உரியது. பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஐயம் எழுந்தால், பொறுப்பில் உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் ‘வெளியிடலாம்’ என்ற ஒரு சொல் இருந்தால் போதாது. எந்தப் பாடம், எந்த உரிமம், உரிமத்தின் எந்தப் பதிப்பு என்பவை பெயர் சொல்லி இடம்பெற வேண்டும். ஏனெனில் இத்தகைய உரிமங்களைக் கொடுத்தபின் திரும்பப் பெற இயலாது என்பதை அனுமதி தருபவரும் அறிந்திருக்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதிய பாடமென்றால் இருவரின் சம்மதமும் தேவை. குரல் கொடுத்தவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் ஆகியோருக்கும் தத்தம் பங்கில் உரிமை இருக்கக்கூடும். அவர்களிடமும் கேட்டுப் பதில்களை ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

அடுத்து, பாடத்துக்குள் வெளியிலிருந்து வந்தவை எவை என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த நிரல் துண்டுக்கு உரிமம் உண்டு: 2018 மே 2 முதல் அங்கே எழுதப்பட்டவை, கீழே விளக்கப்படும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்திலும், அதற்கு முந்தையவை எழுதப்பட்ட நாளைப் பொறுத்து அதே உரிமத்தின் 3.0 அல்லது 2.5 பதிப்பிலும் இருக்கின்றன. அத்துண்டை அப்படியே ஒட்டிவிட்டு, பாடம் முழுவதையும் வேறு உரிமத்தில் வெளியிட முடியாது. ஒரு கருத்தைப் புரிந்துகொண்டு, உங்கள் சொற்களிலும் உங்கள் நிரல்வரிகளிலும் புதிதாக எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை, ஏனெனில் பதிப்புரிமை வெளிப்பாட்டைத்தான் காக்கிறது, கருத்தை அல்ல. பாடத்தின் தரத்துக்கும் இதுவே நல்லது.

ஸ்கிரீன்ஷாட்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். வணிக மென்பொருளின் திரையைப் படம் பிடித்து வெளியிடுவதற்கு அதன் உரிமையாளர் நிபந்தனைகள் வைத்திருக்கலாம். அவற்றைப் படித்து, படங்களுக்கு உங்கள் உரிமம் பொருந்தாது என்றால் அதைத் தனியே குறிப்பிடுங்கள். எவரும் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கும்போது இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை என்றாலும், திரையில் தெரியும் மற்றவை எழுப்பலாம்: பின்னணியில் உள்ள புகைப்படம், உலாவியின் தாவலில் திறந்திருக்கும் செய்தி, மூலையில் எட்டிப்பார்க்கும் மின்னஞ்சல் அறிவிப்பு, மாணவர்களின் உண்மையான பெயர்ப்பட்டியல். படம் பிடிப்பதற்கென்றே கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் வெறுமையான முகப்புத்திரையும் கற்பனைத் தரவும் மட்டும் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வலைமுகவரி காட்ட வேண்டிய இடத்தில் எக்ஸாம்பிள்.காம் என்பதையே பயன்படுத்துங்கள். இத்தகைய எடுத்துக்காட்டுகளுக்கென்றே 1999-இல் ஒதுக்கப்பட்ட பெயர் அது. வேறு எவருடைய தளத்தையும் அது சுட்டாது.

பின்னணி இசையைத் தவிர்த்துவிடுங்கள். உரிமச் சிக்கலோடு, குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மாணவருக்கு அது இடையூறும்கூட.

உரைக்கும் படங்களுக்கும் உரிய உரிமம்

சொந்தமாக உரிமம் எழுத முயலாதீர்கள். ‘கல்விக்காக யாரும் பயன்படுத்தலாம்’ என்று நல்லெண்ணத்தோடு எழுதும் ஒரு வரி, எது கல்வி, திருத்தலாமா, அச்சிடலாமா என்ற கேள்விகளை எழுப்பி, கவனமாக நடக்க விரும்புகிறவரைத்தான் விலக்கி நிறுத்தும். உலகம் முழுவதும் அறிந்த, வழக்கறிஞர்கள் பார்த்து எழுதிய உரிமங்கள் இருக்கின்றன. பாடத்தின் உரை, படம், ஒலி, காணொளி ஆகியவற்றுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களே இன்று பெருவழக்கு. 2001-இல் தொடங்கப்பட்ட அவ்வமைப்பு தன் முதல் உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. இப்போது நடப்பில் உள்ள 4.0 பதிப்பு 2013 நவம்பரில் வந்தது. புதிதாக வெளியிடுகிறவர்கள் 4.0-ஐயே எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லா நாடுகளுக்கும் ஒரே வாசகமாக அமைந்தது அது.

ஆறு உரிமங்கள் இருந்தாலும், கட்டற்ற படைப்பு என்று கொள்ளத்தக்கவை இரண்டுதான். சிசி பை, பெயரைக் குறிப்பிட்டால் எதுவும் செய்யலாம் என்கிறது. சிசி பை-எஸ்ஏ, பெயரைக் குறிப்பிடுவதோடு, திருத்தி வெளியிடும் பாடத்தையும் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் பாடம் பலவகைத் தொகுப்புகளிலும் நூல்களிலும் எளிதாகக் கலந்துவிட வேண்டும் என்றால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பாடத்தின் மொழிபெயர்ப்பும் மேம்படுத்திய வடிவமும் என்றும் எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்றால் இரண்டாவது. நான் பை-எஸ்ஏ பக்கமே சாய்கிறேன். மொழிபெயர்ப்புதான் மென்பொருள் பாடத்தில் அதிக உழைப்பைக் கேட்கும் பகுதி. அந்த உழைப்பு பூட்டிய கதவுக்குப் பின்னால் போய்விடாதபடி காக்க இந்த ஒரு நிபந்தனை போதுமானது.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்சி நிபந்தனையைச் சேர்க்கப் பலருக்கும் ஆசை வரும். தன் உழைப்பை வேறொருவர் விற்றுப் பணம் பார்ப்பாரோ என்ற அச்சம் இயல்பானது. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். சிறு கட்டணம் வாங்கிக் கற்றுத்தரும் பயிற்சி மையம் இந்தப் பாடத்தைத் தொடத் தயங்கும். அச்சிட்டு, செலவோடு சிறிது ஊதியமும் வைத்து விற்கிறவர் தயங்குவார். விக்கிப்பீடியாவும் விக்கிமீடியா காமன்ஸும் இதை ஏற்கமாட்டா. பை-எஸ்ஏ உரிமத்தில் உள்ள வேறொரு பாடத்தோடு இதைக் கலந்து எழுதவும் முடியாது. உண்மையில் நீங்கள் அஞ்சும் பெருவணிகர், பை-எஸ்ஏ உரிமத்தின்படி தம் திருத்தங்களையும் எல்லோருக்கும் திறந்து தந்தாக வேண்டும் என்பதால், அந்த உரிமமே உங்களுக்குப் போதிய காப்பு. திருத்திய வடிவத்தைப் பகிரக் கூடாது என்னும் என்டி நிபந்தனையோ மென்பொருள் பாடத்துக்குச் சற்றும் பொருந்தாது. அது மொழிபெயர்ப்பை வெளியிடுவதையும், மாறிப்போன மெனுவின் பெயரைத் திருத்தி வெளியிடுவதையும் ஒருசேரத் தடுத்துவிடும்.

பழைய கையேடுகளில் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தைக் காண்பீர்கள். படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப்பின் கையேடு ஓர் எடுத்துக்காட்டு. 2000-ஆம் ஆண்டில் அச்சுக் கையேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அதன் நிபந்தனைகள் சிறு பாடங்களுக்குச் சுமையானவை. அந்த உரிமத்தில் மட்டும் உள்ள கையேட்டிலிருந்து பத்திகளை எடுத்து பை-எஸ்ஏ பாடத்துக்குள் கலக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். மாறாக, முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் கையேடு பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் தொகுப்பின் வழிகாட்டி நூல்கள், திருத்திய வடிவத்தையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் மென்பொருள் உரிமமான ஜிபிஎல் அல்லது சிசி பை, இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளும்படி வழங்கப்படுகின்றன. நீங்கள் எந்த மென்பொருளைக் கற்பிக்கிறீர்களோ, அதன் அதிகாரபூர்வ ஆவணம் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதோடு இணங்கும் உரிமத்தைத் தேர்ந்தால், உங்கள் பாடத்தின் நல்ல பகுதிகள் பின்னாளில் அந்த ஆவணத்திலேயே சேரவும் வாய்ப்புண்டு.

நிரல்களுக்குத் தனி உரிமம்

பாடத்தில் உள்ள நிரல்களை உரையோடு சேர்த்து ஒரே உரிமத்தில் அடைத்துவிடுவது கேடானது. பலரும் கவனிக்காமல் விடும் இடமும் இதுவே. கற்பவர் என்ன செய்வார் என்று பாருங்கள். ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளை எல்லாம் பெயர் மாற்றும் பத்துவரி நிரலை உங்கள் பாடத்திலிருந்து படியெடுப்பார். அடுத்த வாரம் தம் அலுவலக நிரலுக்குள் அதைப் பொருத்துவார். அதுதான் கற்றதன் பயன். ஆனால் அந்தப் பத்து வரிகள் பை-எஸ்ஏ உரிமத்தில் இருந்தால், அந்த அலுவலக நிரல் பிறருக்கு வழங்கப்படும்போது, அவர் தமக்குத் தெரியாமலே ஒரு கடப்பாட்டை மீறியவர் ஆகக்கூடும். தெரிந்தவராக இருந்தால், உங்கள் பாடத்தையே ஒதுக்கிவிட்டுப் போவார். மேலும், தம் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே அறிவுறுத்துகிறது. மூல நிரலை வழங்குவது பற்றியும் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை (பேடன்ட்) பற்றியும் மென்பொருள் உரிமங்கள் சொல்வனவற்றை அவை சொல்வதில்லை.

இதற்கு நன்கு நடைமுறையில் உள்ள தீர்வு, ஒரே பாடத்துக்கு இரண்டு உரிமம் வைப்பது. ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பாடங்களில் உரை சிசி பை 4.0 உரிமத்திலும், நிரல் எம்ஐடி என்னும் எளிய மென்பொருள் உரிமத்திலும் இருக்கின்றன. வலைத்தளம் உருவாக்குவோருக்கென மோசில்லா தொடங்கிய எம்டிஎன் ஆவணத் தளத்தில் உரை பை-எஸ்ஏ உரிமத்தில் இருக்க, 2010 ஆகஸ்ட் 20 முதல் சேர்ந்த நிரல் எடுத்துக்காட்டுகள் எந்த நிபந்தனையும் அற்ற சிசி ஜீரோவில் உள்ளன. பைத்தான் மொழியின் ஆவணங்களும் 3.8.6 பதிப்பு முதல், தங்கள் எடுத்துக்காட்டு நிரல்களைக் கூடுதலாக, அறிவிப்பைக்கூடக் கேட்காத ஜீரோ-கிளாஸ் பிஎஸ்டி உரிமத்திலும் வழங்குகின்றன. எம்ஐடி உரிமம்கூட, தன் அறிவிப்பு வாசகத்தைப் படியிலும் வைத்திருக்கச் சொல்கிறது. ஐந்தாறு வரித் துண்டுகளுக்கு அதுவும் அதிகம் என்று கருதினால், ஜீரோ-கிளாஸ் பிஎஸ்டி மிகவும் ஏற்றது. முழு மென்பொருள் ஒன்றையே படிப்படியாகக் கட்டி முடிக்கும் பாடமென்றால், எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 3 ஆகியவற்றில் ஒன்றை உங்கள் நோக்கத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். ஜிபிஎல் மென்பொருளுக்கான துணைநிரலை எழுதக் கற்றுத்தருகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை: எடுத்துக்காட்டாக, பிளெண்டரின் உள்கட்டளைகளைப் பயன்படுத்தும் துணைநிரலை வெளியிடும்போது அதன் உரிமம் ஜிபிஎல்லுக்கு இணக்கமாக இருக்க வேண்டும் என்று அத்திட்டம் சொல்கிறது.

உரையும் நிரலும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்கும் ஜூப்பிட்டர் நோட்புக் போன்றவற்றில், கோப்பின் முதல் பெட்டியிலேயே இரண்டு உரிமங்களையும் எழுதி, எது எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்குத் தரும் தரவுக் கோப்புகளையும் மறக்காதீர்கள். நீங்களே உருவாக்கிய தரவை சிசி ஜீரோவில் வைத்துவிட்டால் எவருக்கும் ஐயம் எழாது.

அறிவிப்பை எழுதுதல்

உரிமத்தின் பெயரை எங்கோ ஓர் ஓரத்தில் எழுதுவது போதாது. பாடத்தின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ, தேடாமலே கண்ணில் படும்படி ஒரு பத்தி வேண்டும். அது ஏறத்தாழ இப்படி அமையலாம்:

‘இந்தப் பாடத்தின் உரை, படம், ஒலி, காணொளி ஆகியவை, தனியே குறிக்கப்பட்டவை நீங்கலாக, கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை-எஸ்ஏ 4.0 பன்னாட்டு உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. பாடத்தில் உள்ள நிரல்கள் ஜீரோ-கிளாஸ் பிஎஸ்டி உரிமத்தில் உள்ளன. இரண்டாம் பாடத்தின் நான்காம் படத்தில் காணும் சின்னம் அதன் உரிமையாளரின் வணிகக்குறி. இவ்வுரிமங்கள் அதற்குப் பொருந்தா. இதைப் பயன்படுத்துவோர் பாடத்தின் தலைப்பு, ஆசிரியர் பெயர், மூலப் பாடத்தின் முகவரி, உரிமத்தின் பெயர் ஆகிய நான்கையும் குறிப்பிட்டு, தாம் செய்த மாற்றங்களையும் சொல்ல வேண்டும்.’

உரிமத்தின் பெயர் வரும் இடத்தில் அதன் முழு வாசகத்துக்கு இணைப்புக் கொடுங்கள். ‘தனியே குறிக்கப்பட்டவை நீங்கலாக’ என்னும் தொடர் சிறியதானாலும், உங்களுடையது அல்லாத ஒன்றை உங்களுடையதாகச் சொல்லிவிடாமல் உங்களைக் காப்பது அதுதான். ஆகவே குறிக்க வேண்டியவற்றை அந்தந்தப் படத்தின் கீழேயே குறித்துவிடுங்கள். உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதையும் ஒரு மாதிரி வாக்கியமாகத் தந்துவிட்டால், எடுத்தாள்கிறவர் அதை அப்படியே ஒட்டிக்கொள்வார்.

பாடத்தின் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் உரிமங்களின் முழு வாசகங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்து, ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் உரிமத்தைக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் குறியீட்டை ஒரு வரியாக எழுதுங்கள். கணினிகளே படித்தறியும் குறியீடு அது. ஒரு கோப்பு மட்டும் தனியே பிரிந்து வேறிடம் போனாலும் அதன் உரிமம் கூடவே போகும். ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரீயூஸ் வரையறை இதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று சொல்கிறது. காணொளிக்கு, இறுதிக் காட்சியிலும் விவரக் குறிப்பிலும் உரிமத்தை எழுதுங்கள். யூடியூப்பின் உரிமத் தேர்வில் சிசி பை மட்டுமே இருக்கிறது, பை-எஸ்ஏ இல்லை. எனவே அங்கே பை-எஸ்ஏ பாடத்தை ஏற்றும்போது அந்தத் தேர்வை இயல்பாக உள்ளபடி விட்டுவிட்டு, உங்கள் உரிமத்தை விவரக் குறிப்பில் தெளிவாக எழுத வேண்டும். தெரியாமல் சிசி பை என்று தேர்ந்துவிட்டால், நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலான அனுமதியைக் கொடுத்தவர் ஆவீர்கள்.

மூலக்கோப்புகள்

இனி, அடுத்த ஆசிரியர் உண்மையில் எதை வைத்து வேலை செய்வார் என்று பார்ப்போம். உங்கள் பாடம் பிடிஎஃப் கோப்பாக மட்டும் கிடைத்தால், ஒரு சொல்லை மாற்றவும் அவர் பாடத்தை மறுபடி தட்டச்சு செய்ய நேரிடும். திறந்த கல்வி வளங்கள் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவரும் டேவிட் வைலியும் அவரோடு பணியாற்றியவர்களும் இதற்கு நான்கு கேள்விகளை வகுத்தார்கள்: திருத்தும் கருவி எல்லோருக்கும் கிடைக்கிறதா, அதைக் கையாள எவ்வளவு திறமை வேண்டும், கோப்பு பொருளுள்ள வகையில் திருத்தத்தக்கதா, பயன்படுத்தும் கோப்பும் திருத்தும் கோப்பும் ஒன்றேதானா. உங்கள் பாடத்தை இந்த நான்கு கேள்விகளுக்கும் உட்படுத்திப் பாருங்கள்.

உரையை மார்க்டவுன் போன்ற எளிய எழுத்துவடிவில் வைத்தால், எந்தக் கணினியிலும் திறக்கலாம், எந்த வரி எப்போது மாறியது என்பதும் தெரியும். தமிழ் உரை ஒருங்குறியில்தான் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்தவை கைவசம் இருந்தால் வெளியிடுவதற்கு முன் மாற்றிவிடுங்கள், இல்லையேல் தேடினாலும் கிடைக்காது. விளக்கப்படங்களை எஸ்விஜி வடிவில் வைத்தால் உள்ளே இருக்கும் சொற்களை இன்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் திறந்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட்டின்மேல் அம்புக்குறியும் வட்டமும் வரைந்து ஒரே படமாகச் சேமித்துவிடாமல், மேலே எதுவும் வரையாத மூலப்படத்தையும் கூடவே வையுங்கள். குறிகள் தனி அடுக்கில் இருந்தால், புதிய பதிப்பின் திரையை அடியில் மாற்றி வைத்தாலே படம் தயார்.

காணொளியில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. பேசுவதற்கு முன்பே முழு உரையையும் எழுதிவிடுங்கள். ஒரு நெடுவரிசையில் திரையில் நிகழ்வது, அடுத்த நெடுவரிசையில் சொல்லப்படுவது என்று இணையாக அமைத்தால், மொழிபெயர்ப்பவருக்கு அதுவே போதும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இப்படித்தான் இயங்குகிறது: ஏறத்தாழப் பத்து நிமிடப் பாடங்கள், அவற்றுக்கு எழுத்துவடிவ உரை, அதை மொழிபெயர்த்துத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல்சேர்ப்பு, எல்லாம் பை-எஸ்ஏ உரிமத்தில். திரைப்பதிவு மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் பதிவு செய்யும்போது குரலைத் தனித்தடத்தில் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் திரைப்பதிவை அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் மாற்ற முடியும். காணொளித் தொகுப்பு மென்பொருளான கேடென்லைவில் வெட்டி ஒட்டிய திட்டக்கோப்பு, சேர்க்கப்படாத மூலப்பதிவுகள், வசனவரிக் கோப்பு ஆகிய மூன்றையும் முடிந்த காணொளியோடு சேர்த்தே வெளியிடுங்கள். பாடத்தை இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகப் பிரித்துப் பதிவு செய்தால், ஒரு மெனு மாறும்போது அந்தத் துண்டை மட்டும் மீண்டும் பதிவு செய்தால் போதும். நாற்பது நிமிடம் ஒரே மூச்சில் பேசிய காணொளியை எவரும் திருத்துவதில்லை. அதைக் கைவிட்டுவிட்டுப் புதிதாகத்தான் எடுக்கிறார்கள்.

பாடத்தின் தலையில் மென்பொருளின் பதிப்பு எண், இயக்குதளம், இடைமுகத்தின் மொழி, பாடம் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். பாடம் பழையதா, தான் தவறு செய்கிறோமா என்று மாணவர் அறிய அந்த ஒரு வரிதான் வழி.

வெளியிடும் இடமும் பதிப்பு எண்ணும்

கிட்ஹப், கிட்லேப், கோட்பெர்க் ஆகிய தளங்களில் எதிலும் களஞ்சியத்தை வைக்கலாம். வைப்பதற்கு முன், கடவுச்சொல், இணையச் சேவைச் சாவி போன்றவை நிரல் எடுத்துக்காட்டுகளில் ஒளிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். இப்போதைய கோப்பிலிருந்து நீக்கிவிட்டாலும் இத்தளங்களின் அடிப்படையாக இருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் பழைய வரலாற்றில் அவை அப்படியே இருக்கும். அப்படி ஒன்று வெளியே போயிருந்தால் சாவியையே ரத்து செய்து புதிதாக எடுப்பதுதான் வழி.

ஒரே தளத்தை நம்பியிருக்க வேண்டாம். செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ காப்பகத்தில் ஒரு படி வைத்தால், அதை அடையாளம் காட்டும் நிலையான டிஓஐ எண் கிடைக்கும்; கிட்ஹப் களஞ்சியத்தை அதனோடு இணைத்துவிட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி எண்ணும், எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஓர் எண்ணும் தானாகவே வரும். காணொளிகளை இன்டர்நெட் ஆர்க்கைவிலும், வெப்எம் வடிவில் விக்கிமீடியா காமன்ஸிலும் ஏற்றலாம். அங்கிருந்து மூலத்தரத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்பது, பார்க்க மட்டும் அனுமதிக்கும் தளங்களில் கிடைக்காத வசதி. பாடம் மாறும்போதெல்லாம் பதிப்பு எண்ணை உயர்த்தி, என்ன மாறியது என்று ஒரு கோப்பில் எழுதிவாருங்கள். உங்கள் பாடத்தை மொழிபெயர்த்தவர் எந்த இடங்களை மட்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதை அதிலிருந்துதான் அறிவார்.

பிறர் அனுப்பும் திருத்தங்கள்

திருத்தம் அனுப்புகிறவர் தம் வரிகளையும் பாடத்தின் அதே உரிமங்களிலேயே தருகிறார் என்பதைப் பங்களிப்புக் குறிப்பில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், நாளை உரிமத்தை மாற்ற நினைக்கும்போது ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டிவரும். பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை; லினக்ஸ் கருநிரல் திட்டம் 2004 முதல் பின்பற்றும் டிசிஓ உறுதிமொழி, அதாவது இதை வழங்கும் உரிமை எனக்கு உண்டு என்று ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் ஒரு வரி கையொப்பமிடும் முறை, பாடங்களுக்கும் போதுமானது. திருத்தியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், பிழை சுட்டியவர்கள் என எல்லோருடைய பெயரையும் அவர்கள் விரும்பும் வடிவில் ஒரு கோப்பில் சேருங்கள்.

யாரேனும் உங்கள் பெயரைக் குறிப்பிடாமல் பாடத்தைப் பயன்படுத்தினால், முதலில் அன்பாக ஒரு கடிதம் எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்களின்படி, மீறியவர் அதை அறிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால் அவருக்கு உரிமம் தானாகவே மீண்டுவிடும். பலரும் அறியாமையால்தான் விட்டுவிடுகிறார்கள். எதிர்மாறாக, உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே பாடத்தைப் பிழையாகத் திருத்தி ஒருவர் வெளியிட்டால், உங்கள் பெயரை நீக்கும்படி கேட்க அதே உரிமங்கள் இடமளிக்கின்றன. அவர் இயன்றவரை நீக்கியாக வேண்டும். மாற்றம் செய்ததைச் சொல்லாமல் விடவோ, நீங்கள் அவருடைய வடிவத்தை ஆதரிப்பதுபோல் காட்டவோ அவருக்கு அனுமதியில்லை.

பாடத்தைத் தொடர்ந்து கவனிக்க இயலாத நிலை வந்தால், களஞ்சியத்தை அழிக்காதீர்கள், அமைதியாக விலகவும் வேண்டாம். முகப்பின் முதல் வரியில், இந்தப் பாடம் எந்தப் பதிப்பு வரை சரிபார்க்கப்பட்டது, பொறுப்பேற்க ஒருவர் தேவை என்று எழுதுங்கள். அதுவரை நல்ல திருத்தங்களை அனுப்பியவர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். முன்வருகிறவருக்குக் களஞ்சியத்தில் மாற்றம் செய்யும் அனுமதியையும், பாடத்துக்கென இணையப் பெயர் வாங்கியிருந்தால் அதையும் மாற்றிக் கொடுங்கள். எவரும் முன்வராவிட்டால் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் இயலும் நிலையில் பூட்டி, செனோடோவில் உள்ள கடைசிப் படியின் எண்ணை முகப்பில் எழுதி வையுங்கள்.